பதினோராம் பக்கத்துத் திருத்தம்

சுந்தரவல்லி தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கேட்காத பாட்டைப் பற்றி எழுதினாள். போதாத காலம், அதை ஐந்நூறு பிரதி அச்சடித்துவிட்டார்கள்.

அது 2005ஆம் வருடத்துக் கல்கத்தா புத்தகக் கண்காட்சி சமயம். அவளுக்கு அப்போது முப்பத்தேழு வயது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மேல்நிலை எழுத்தர். கணவர் பாலசுப்ரமணியன் வங்கி அதிகாரி. லேக் கார்டன்ஸில் மூன்றாம் மாடியில் வீடு. ஆளைப் பார்த்தால் கடையில் அரிசியை உள்ளங்கையில் போட்டு ஊதிப் பார்த்து வாங்குகிற ரகம் என்று சொல்லலாமே தவிர, ராக் இசைக்கு விமர்சனம் எழுதுகிறவள் என்று எவனும் சொல்லமாட்டான். ஆனால் கல்கத்தாவில் வங்காள ராக் கேட்கிற கூட்டத்தில் 'வல்லிதி' என்றால் தெரியும். வல்லி அக்கா என்று அர்த்தம். பாங்குரா, சிலிகுரி என்று மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் அவளுக்குப் போஸ்ட் கார்டு வரும். இந்தக் கேசட்டை வாங்கலாமா, வேண்டாமா என்று கேட்டிருப்பார்கள். அவள் வாங்கச் சொன்னால் வாங்குவார்கள்.

தூத்துக்குடிப் பெண்ணுக்கு இது எப்படி வாய்த்தது என்றால், அதற்கு மண்ணெண்ணெய்தான் காரணம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்து, குடும்பம் கல்கத்தா கிதர்ப்பூருக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு எட்டு வயது. அந்த ஊரில் பாதி நாள் கரண்ட் இருக்காது. தகர டின்னைக் கையில் கொடுத்து அம்மா அவளைக் கெரோசின் வரிசைக்கு அனுப்பினாள். அந்த வரிசையில் மனிதர்களுக்கு நடுவே செங்கல், கிழிந்த பை, ஒற்றைச் செருப்பு என்று ஏதேதோ கிடக்கும். ஒவ்வொன்றும் ஓர் ஆளுக்குச் சமம். டீ குடிக்கப் போனவர் தன் இடத்துக்கு வைத்துவிட்டுப் போன அடையாளம் அது. இது தெரியாமல் முதல் நாளே ஒரு செங்கல்லைத் தாண்டி முன்னால் போய் நின்றுவிட்டாள். வரிசையே கூடித் திட்டியது. ஒரு வார்த்தை புரியவில்லை. 'மாத்ராஜி' மட்டும் புரிந்தது, மதராஸி. கடைசியில் போய் நின்று அழுதாள். இந்த ஊரில் செங்கல்லுக்கு இருக்கிற மரியாதைகூட நமக்கு இல்லை என்று எட்டு வயதிலேயே தெரிந்துபோனது. அந்த ஆத்திரத்தில்தான் வங்காளம் கற்றுக்கொண்டாள். இரண்டே வருடத்தில் அதே வரிசையில் நின்று பதிலுக்குப் பதில் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

பவானிபூரில் நான்கு பேர் சேர்ந்து 1996இல் ஒரு பேண்ட் ஆரம்பித்தார்கள். பெயர் 'கெரோசின் லைன்'. எந்தக் கம்பெனியும் அவர்களைச் சீண்டவில்லை. தாங்களே ஒரு கேசட் போட்டு, தோள்பையில் வைத்துக் கல்லூரி வாசல்களில் விற்றார்கள். 'எக் லிட்டர்' என்று தலைப்பு, ஒரு லிட்டர். அலுவலகத் தோழி ரஞ்சனா அதை வாங்கி, இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டுத் தலைவலி என்று சுந்தரவல்லியிடம் தள்ளிவிட்டாள்.

அதில் முதல் பாட்டு, வரிசையில் கிடக்கும் ஒரு செங்கல்லைப் பற்றியது. வைத்துவிட்டுப் போனவன் திரும்பவில்லை. வரிசை நகர நகர, பின்னால் நிற்கிறவர்கள் அதைக் காலால் மரியாதையாக முன்னே தள்ளிவிடுகிறார்கள். கடை வாசல் வந்தும் அவன் வரவில்லை. பாடியவனுக்கு நான்கு நாள் தொண்டை கட்டியிருந்ததுபோல ஒரு குரல். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்ட சுந்தரவல்லி, கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத் தன்னைத் திட்டித் தீர்த்த வரிசை மொத்தமும் வீடு தேடி வந்து தன்னிடம் மன்னிப்புக் கேட்டது மாதிரி இருந்தது. அன்று கத்தரிக்காய் கறுத்துப்போனது. பாலசுப்ரமணியன் தயிரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

கேசட் அட்டையில் இருந்த முகவரிக்கு அவள் நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினாள், வங்காளத்தில். பேண்டுக்காரர்கள் அதைப் படித்துவிட்டு ஆடிப்போய், 'நீல் பென்சில்' என்ற சிறுபத்திரிகை நடத்திவந்த அனிமேஷ் சன்யாலிடம் கொடுத்தார்கள். எல்லோருக்கும் அவர் அனிமேஷ்தா, அனிமேஷ் அண்ணன். பள்ளிக்கூட வாத்தியார். ஐம்பது வயது. சண்டை போட்டே நட்பு வளர்க்கிற மனிதர். ஒரு கமாவைக்கூட மாற்றாமல் கடிதத்தை அச்சில் போட்டார். அன்றிலிருந்து இசைப் பக்கங்கள் அவளுடையவை ஆகிவிட்டன.

எழுதுவதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். எந்தக் கேசட்டையும் மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொடுவாள். சமைக்கும்போது ஒரு தடவை, துணி தேய்க்கும்போது ஒரு தடவை, ஒரு வேலையும் செய்யாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு தடவை. குக்கர் சத்தத்தைத் தாண்டி நிற்காத பாட்டு எங்கேயும் நிற்காது என்பது அவள் கட்சி. வேண்டியவர், வேண்டாதவர் பார்க்கமாட்டாள். ஒரு பாடகரின் அம்மா தொலைபேசியில் அழுதபோதுகூட, "மாஷிமா, பையனை இன்னும் ஒரு வருஷம் சாதகம் பண்ணச் சொல்லுங்க" என்றாளாம்.

கெரோசின் லைனின் இரண்டாவது கேசட் 1999இல் வந்தது. 'ஸ்டாக் நேய்', சரக்கு இல்லை. ரேஷன் கடைப் பலகையில் எழுதிவைப்பார்களே, அதுவேதான் தலைப்பு. முதலாவதைவிடப் பிரமாதம். பாடகன் ருத்ரோவுக்கு அக்கா தங்கை கிடையாது. தீபாவளியோடு சேர்ந்து வருகிற காளி பூஜைக்கு இரண்டாம் நாள், சகோதரன் நெற்றியில் சகோதரி சந்தனம் வைக்கிற பாய்ஃபோன்டா அன்று அவன் லேக் கார்டன்ஸ் மூன்றாம் மாடிக்கு வந்து, பலகை போட்டு உட்கார்ந்து, நெற்றியைக் காட்டுவான். அவள் இடது சுண்டுவிரலால் சந்தனம் வைப்பாள். ஐந்து வருடம் ஒரு வருடம் தவறாமல் நடந்தது. கல்கத்தாவில் தன்னை யாரும் விருந்தாளியாகப் பார்க்காத இடங்கள் என்று அவளுக்கு இரண்டுதான் இருந்தன. ஒன்று நீல் பென்சில். இன்னொன்று அந்தச் சந்தனப் பலகை.

பிறகு பெரிய கம்பெனி ஒன்று பேண்டைத் தேடி வந்தது. மூன்றாவது ஆல்பத்தை பம்பாயில் போய்ப் பதிவு செய்தார்கள். 2004 நவம்பரில் வரும் என்றார்கள், வரவில்லை. டிசம்பர் என்றார்கள், வரவில்லை. புத்தகக் கண்காட்சிக்கான சிறப்பிதழ் அச்சுக்குப் போகவேண்டும். அனிமேஷ்தா தலையில் கை வைத்துக்கொண்டார். "உனக்கு அந்தப் பசங்களை மனப்பாடமா தெரியும், வல்லி. ஒத்திகைக்குப் போயிருக்கே. எழுதிடு. கண்காட்சி அன்னிக்கு ருத்ரோவே வந்து நம்ம இதழை வெளியிடறான்."

அவள் மறுத்திருக்கவேண்டும். மறுக்கவில்லை. ஒத்திகையில் இரண்டு பாட்டைப் பாதியாகக் கேட்டிருந்தாள், நன்றாகத்தான் இருந்தன. அதைவிட, ருத்ரோ சொதப்புவான் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. சொந்தத் தம்பி பரீட்சை எழுதிவிட்டு வந்தால் பாஸ் என்று தெருவுக்கே இனிப்புக் கொடுக்கிற அக்கா மாதிரி, நான்கு பக்கம் எழுதித் தள்ளிவிட்டாள். வங்காள ராக்கின் முழு வளர்ச்சி என்றாள். இந்தக் குரலை எந்தக் கம்பெனியாலும் வாங்க முடியாது என்றாள். பதினோராம் பக்கத்திலிருந்து பதினான்காம் பக்கம் வரை ஒரே புகழ்மழை. இதழும் அச்சாகிவிட்டது.

ஜனவரி மூன்றாம் வாரத்தில், கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ருத்ரோ முதல் சிடியைக் கூரியரில் அனுப்பினான். 'மொன் ஜோச்னா' என்று பெயர், மனநிலா என்று சொல்லலாம். பெயரே அவளுக்குச் சரியாகப் படவில்லை. அட்டையில் நான்கு பேரும் வெள்ளைச் சட்டையில் கடற்கரையில் நின்றார்கள். கல்கத்தாவில் ஏது கடற்கரை?

சமையலறையில் போட்டாள். முதல் பாட்டு முடிவதற்குள் கூடத்திலிருந்து பாலசுப்ரமணியன் குரல் கொடுத்தார்.

"ஏளா வல்லி, யாரு பாடுதா? புது ஆளா?"

"ருத்ரோதாங்க."

"அப்படியா? தொண்டைக்கு வைத்தியம் பாத்துட்டாம் போலுக்கு."

அவருக்கே தெரிந்துவிட்டது. கரகரப்பை மொத்தமாக இழைத்து வழவழப்பாக்கிவிட்டார்கள். டிரம்ஸுக்குப் பதில் ஒரு மெஷின் டப்டப் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வரியின் கடைசி வார்த்தையையும் மூன்று பெண்கள் சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள். நிலா, மழை, அவள் போன் எடுக்கவில்லை, மறுபடியும் நிலா. அதையெல்லாம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். ஆறாவதாக அந்தச் செங்கல் பாட்டையே எடுத்து, வேகத்தைக் கூட்டி, டான்ஸ் பாட்டாக்கி வைத்திருந்தார்கள். அதில் கடைசியில் அந்த ஆள் திரும்பி வந்துவிடுகிறான். கையில் ரோஜாப் பூவோடு.

சுந்தரவல்லிக்கு அழுகை வந்தது. துக்கத்தில் பாதி, கோபத்தில் பாதி. தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு, நமக்குத்தான் வயசாகிவிட்டதோ என்று மறுபடி கேட்டாள். துணி தேய்த்துக்கொண்டு கேட்டாள், சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். மூன்றோடு நிறுத்தவில்லை, ஏழு முறை கேட்டாள். ஒன்பதாவது பாட்டு மட்டும் தேறியது. மற்றபடி அது மோசமான ஆல்பம்தான். அதை வாங்கச் சொல்லித் தன் பெயரைப் போட்டு ஐந்நூறு பிரதி காலேஜ் ஸ்ட்ரீட் அச்சகத்தில் கட்டுக்கட்டாக உட்கார்ந்திருந்தது.

அலுவலகத்தில் அவள் வேலை சுற்றறிக்கைகளை அனுப்புவது. தப்பான தேதியோ தப்பான பெயரோ போய்விட்டால் பேசாமல் இருந்துவிட முடியாது. அதே எண்ணைப் போட்டு, முதல் கடிதம் யாருக்கெல்லாம் போனதோ அவர்களுக்கெல்லாம் திருத்தக் கடிதம் போகவேண்டும், ஒருவர் விடாமல். தப்புச் செய்தது டைரக்டரே ஆனாலும் திருத்தம் போகும். பதினாறு வருடமாக இதையே செய்துவந்தவளுக்கு என்ன செய்யவேண்டும் என்பதில் சந்தேகமே வரவில்லை. மறுநாள் மாலை நேரே காலேஜ் ஸ்ட்ரீட்டுக்குப் போய் அனிமேஷ்தாவிடம் சொன்னாள். ஒரு துண்டுச் சீட்டு அடித்துப் பதினோராம் பக்கத்தில் ஒட்டிவிடலாம் என்றாள்.

அனிமேஷ்தா முதலில் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்றதும் அவருக்குக் கோபம் வந்தது. "பைத்தியமா உனக்கு? இதழை வெளியிடறதே ருத்ரோ. அவன் கையிலேயே இந்தச் சீட்டைக் கொடுப்பியா?"

"வேற யார் கையில கொடுக்கறது? அவனைப் பத்தித்தானே எழுதியிருக்கு."

"அடுத்த இதழ்ல எழுது. நிதானமா, நாகரிகமா."

"அடுத்த இதழ் ஜூன்ல வரும். அதுக்குள்ள ஊர் முழுக்க என் பேச்சை நம்பி வாங்கியிருப்பாங்க. நான் கேட்காமலே எழுதினேன், அனிமேஷ்தா. அதை எப்படி நாகரிகமா சொல்றது?"

கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். சரி என்று அவள் சொல்லவே இல்லை. வரும் வழியில் லேக் மார்க்கெட் ஜெராக்ஸ் கடையில் இறங்கினாள். ஒரு தாளுக்குப் பன்னிரண்டு சீட்டு வருகிற மாதிரி தன் கையாலேயே வங்காளத்தில் எழுதி, தேவையான தாள்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சீட்டில் இருந்தது இதுதான்:

"திருத்தம். பக்கம் 11 முதல் 14 வரை உள்ளதை ஆல்பத்தைக் கேட்காமல் எழுதினேன். அது என் தவறு. இப்போது ஏழு முறை கேட்டுவிட்டேன். பதினொரு பாட்டில் ஒன்பதாவது மட்டும் நன்றாக இருக்கிறது. இந்தப் பக்கங்களை நம்பி யாரும் வாங்கவேண்டாம். சுந்தரவல்லி பாலசுப்ரமணியன்."

பாலசுப்ரமணியனுக்கு வங்காளம் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், சொன்னாள்.

"ஊரைக் கூட்டி வச்சு நான்தாம் முட்டாள்னு நீயே சொல்லணுமாக்கும்?"

"வேற யாரு சொல்லுவா? எழுதுனது நான்தானே."

"அந்தப் பையன் வர தீபாவளிக்கு வரமாட்டாம் பாத்துக்கோ."

சுந்தரவல்லி சீட்டுத் தாள்களை அடுக்கினாள். அது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அதை நினைத்து நினைத்துத்தான் நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பாலசுப்ரமணியன் எழுந்துபோய், முகம் மழிக்கும்போது மீசைக்கு வைத்திருக்கிற சின்னக் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து உட்கார்ந்தார். "கோணலா வெட்டுனா என்னைத் திட்டப்பிடாது" என்றார்.

கண்காட்சிக்கு மைதானத்தில் மதியம்தான் கதவைத் திறப்பார்கள். அன்று விடுப்புப் போட்டுவிட்டு, திறந்ததும் முதல் ஆளாகப் போனாள். சிறுபத்திரிகைப் பந்தலில் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு மேசை. நீல் பென்சில் மேசைக்குக் கீழே கட்டுகள் வந்திறங்கியிருந்தன. கோந்துப் புட்டியைத் திறந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒட்ட ஆரம்பித்தாள். கால் மணி நேரத்தில் கை பழகிவிட்டது. அனிமேஷ்தா வந்தபோது அறுபது பிரதி முடிந்திருந்தது.

பந்தலே திரும்பிப் பார்க்கும்படி அவர் கத்தினார். என் பத்திரிகை, என் மேசை, என் அனுமதி இல்லாமல் என்று வரிசையாக அடுக்கினார். சுந்தரவல்லி ஒட்டுவதை நிறுத்தாமலே கேட்டாள்.

"சரி, சீட்டு வேண்டாம். என் நாலு பக்கத்தையும் கிழிச்சுக் கொடுத்துடுங்க. ஐந்நூறு பிரதியிலேயும். எடுத்துட்டுப் போயிடறேன்."

அனிமேஷ்தா ஒரு பிரதியைக் கையில் எடுத்துப் பார்த்தார். மடித்துத் தைத்த தாள். அவள் பக்கங்களின் மறுபாதியில் அவருடைய தலையங்கம் இருந்தது. இதைக் கிழித்தால் அதுவும் கூடவே வந்துவிடும். பிரதியைக் கீழே வைத்துவிட்டார்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ருத்ரோ நான்கு மணிக்கு வருகிறான் என்று கேள்விப்பட்டு வந்த ரசிகர்கள். சீட்டு கைமாறிக் கைமாறிப் போனது. ஒருவன் ஒட்டிய பிரதி ஒன்றை எடுத்து, பதினோராம் பக்கத்துப் புகழ்ச்சியையும் சீட்டையும் உரக்கப் படித்துக் காட்டினான். துரோகி என்றான் ஒருத்தன். காசு வாங்கியிருப்பாள் என்றான் இன்னொருத்தன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "மாத்ராஜிக்கு வங்காளப் பாட்டைப் பத்தி என்ன தெரியும்?"

அந்த வார்த்தையை அந்தத் தொனியில் கேட்டு இருபத்தைந்து வருடமாவது இருக்கும். சுந்தரவல்லிக்குக் காது சூடாகிவிட்டது. எட்டு வயதில் அழுதாள். இப்போது அழ மனசில்லை. எழுந்து நின்று, சொன்னவன் யார் என்று தேடிக் கண்டுபிடித்து, அவனையே பார்த்துச் சொன்னாள்.

"தெரியாதுன்னே வச்சுக்கோ, தம்பி. ஆனா பதினோராம் பக்கத்துல புகழ்ந்து எழுதினதும் இதே மாத்ராஜிதான். அதைப் படிச்சப்போ உனக்கு நான் எந்த ஊர்க்காரின்னு ஞாபகம் வரலையே. நம்பறதா இருந்தா ரெண்டையும் நம்பு, இல்லைன்னா ரெண்டையும் விடு."

அவன் எதையோ முணுமுணுத்துக்கொண்டு நகர்ந்தான். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அனிமேஷ்தா சிரிக்கவில்லை. கெஞ்சுகிற குரலில், "இந்த மேசையில வச்சு ஒட்டாதே, வல்லி. ஒட்டினதை நீயே எடுத்துட்டுப் போ. ஒட்டாததை நான் விக்கறேன்" என்றார். மேசையிலிருந்து அவளைக் கிளப்புகிறார். ஒன்பது வருட மேசை. அவள் அந்த அறுபதையும் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். குனிந்து, கீழேயிருந்து இன்னும் இரண்டு கட்டுகளையும் இழுத்தாள். அவர் தடுக்கவில்லை, பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேசை கிடைக்காத ஏழைப் பத்திரிகைகள் பந்தலுக்கு வெளியே தரையில் செய்தித்தாளை விரித்து விற்கும். அவர்களுக்குப் பக்கத்தில் அவளும் ஒரு தாளை விரித்து உட்கார்ந்தாள். மைதானத்துப் புழுதி தலையிலும் தோளிலும் படிந்தது. கோந்தில் மண் ஒட்டாமல் இருக்கப் புட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

நான்கு மணிக்கு ருத்ரோ வந்தான். கிடார் பை தோளில். வெள்ளைச் சட்டை. பந்தலுக்குள் போனான், ஐந்து நிமிடத்தில் கையில் ஒரு சீட்டோடு வெளியே வந்தான். அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"பிடிக்கலைன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே, திதி. வீட்டுக்குக் கூப்பிட்டு நாலு அறை விட்டிருக்கலாம். இதை ஏன் ஊர் முழுக்க ஒட்டறே?"

"புகழ்ந்ததை உன் காதுல மட்டும் சொல்லலையேடா. ஊர் முழுக்கத்தானே சொன்னேன்."

"கம்பெனி என்ன சொல்லிச்சோ அதைச் செஞ்சோம். எட்டு வருஷம் தோள்ல பையை மாட்டி வித்துப் பாரு, அப்புறம் பேசு."

"அது எனக்குப் புரியுது. அதனால பாட்டு நல்லாயிடாது."

ருத்ரோ சீட்டை நான்காக மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். கண் சிவந்திருந்தது. "முதல் ரெண்டு கேசட்டுக்காகவாவது இதை விட்டிருக்கக் கூடாதா? அதை நீ எவ்வளவு நேசிச்சேன்னு எனக்குத் தெரியும்."

"அந்த ரெண்டுக்காகத்தான் ஒட்டறேன்" என்றாள் சுந்தரவல்லி. குரல் உடைந்தாலும் நிறுத்தவில்லை. "இதையும் நல்லா இருக்குன்னு சொல்லிட்டா, அதை நல்லா இருக்குன்னு நான் சொன்னதை இனிமே எவன் நம்புவான்?"

ருத்ரோ சீட்டைச் சட்டைப் பையில் வைத்தான். எழுந்து, முழங்கால் புழுதியைத் தட்டிவிட்டு, பந்தல் வாசலில் கூட்டம் வட்டம் கட்டி நின்ற இடத்துக்குப் போனான். அவன் பாடாமல் போய்விடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். அனிமேஷ்தாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஆனால் ருத்ரோ கிடாரை எடுத்தான். மைக் கிடையாது, மெஷின் கிடையாது. 'ஸ்டாக் நேய்' கேசட்டிலிருந்த மினிபஸ் கண்டக்டர் பாட்டை ஆரம்பித்தான். அதில் ஒவ்வொரு அடிக்கும் நடுவில் கூட்டம் பஸ் நிறுத்தங்களின் பெயரைக் கூவவேண்டும். கல்கத்தாவில் அந்தப் பாட்டைக் கேட்ட அத்தனை பேருக்கும் அது தெரியும்.

குரல் கரகரத்தது. பம்பாயில் இழைத்ததெல்லாம் மைதானத்துப் புழுதியில் உதிர்ந்துபோயிருந்தது. சுந்தரவல்லியால் சும்மா இருக்க முடியவில்லை. மடியில் கோந்தும் கையில் பிரஷுமாகத் தரையில் உட்கார்ந்தபடியே, ஹாஜ்ரா, ராஸ்பிகாரி, கரியாஹாட் என்று கூட்டத்தைவிட உரக்கக் கூவினாள். பக்கத்துத் தாளில் கவிதைப் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தவர் பயந்துபோய்ப் பார்த்தார். சற்று முன்பு அவளைத் துரோகி என்றவன் திரும்பிப் பார்த்தான். அவள் பொருட்படுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய, ஒரு நிறுத்தம்கூட விடாமல் கடைசி வரை கூவினாள். ருத்ரோ ஒரு தடவை அவள் பக்கம் பார்த்தான். பார்த்துவிட்டு இன்னும் ஓங்கிப் பாடினான்.

பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியதும் அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "அடுத்தது, புது ஆல்பத்திலிருந்து முதல் பாட்டு."

சுந்தரவல்லி வாயை மூடிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கட்டிலிருந்து ஒரு பிரதியை உருவி, பதினோராம் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, பிரஷைக் கோந்தில் தோய்த்தாள்.